எந்த வயதில் ராட்டினம்?

கோடை விடுமுறை தொடங்கியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பற்றவைப்பார். பெரியப்பா பேரனுக்குப் பன்னிரண்டு வயது, அத்தை பேத்திக்கு ஏழு. நம் வீட்டில் ஒன்று இரண்டரை வயதில் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று எட்டு மாதத்தில் தவழ்கிறது. வேன் பேசி, தீம் பார்க்குக்கு நாள் குறித்த பிறகுதான் சின்னதுகளைப் பற்றிய பேச்சே வரும். “தூக்கிட்டு வாங்க, ஆளுக்குக் கொஞ்ச நேரம் வச்சுக்கலாம்” என்று ஒரு குரல். “பச்சப் புள்ளைய அந்த வெயில்லயா?” என்று பாட்டி. பெரும்பாலும் முதல் குரல்தான் ஜெயிக்கும். அன்று முழுக்கக் குழந்தையை வைத்திருப்பவர் என்னவோ அம்மாவாகத்தான் இருப்பார்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்காக யாரும் தீம் பார்க் போவதில்லை. நமக்காகவும் மூத்த பிள்ளைகளுக்காகவும் போகிறோம், சின்னது கூட வருகிறது. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் திட்டம் சரியாக அமைகிறது. “எல்லாம் இவனுக்காகத்தானே” என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள், மதியம் ஒரு மணிக்கு வீறிட்டு அழும் பிள்ளையிடம், “இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தா இப்படிப் பண்றியே” என்று கணக்குக் கேட்கிறார்கள். அதற்கு அந்தக் கணக்கு தெரியாது.

இனி வருபவை, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவும், போவதென்றால் எப்படிப் போவது என்று பார்க்கவும்.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

உயரத்தை அளந்துவிடுங்கள். வீட்டில் நாம் வயதைப் பேசுகிறோம். பூங்கா வாசலில் உயரத்தைப் பார்க்கிறார்கள். பல இடங்களில் டிக்கெட் விலையே சென்டிமீட்டர் கணக்கில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நடுத்தர உயரம் இரண்டு வயதில் சுமார் 87 செ.மீ., மூன்றில் 95, நான்கில் 103, ஐந்தில் 110, ஏழில் 121. நம் பிள்ளைகளில் பலர் இதற்கு ஓரிரு சென்டிமீட்டர் குறைவாகவும் இருப்பார்கள். இந்த எண்களை ரைடுகளின் எண்களோடு வைத்துப் பாருங்கள். ஃபுளோரிடா டிஸ்னியில் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ. வேண்டும். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குப் பெரியவர் துணையோடு 102, மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. நம் ஊர்ப் பெரிய பூங்காக்களில் வேகமான சிலவற்றுக்கு 140 வரைகூடக் கேட்பார்கள்.

ஆக, மூன்று வயதுக்குள் பெரிய ரைடு எதுவும் கிடைக்காது. நான்கு வயதில் கதவு லேசாகத் திறக்கிறது, ஏழில்தான் நன்றாகத் திறக்கிறது. அதற்கு முன் கிடைப்பவை குதிரை ராட்டினம், சின்ன ரயில், மெதுவாக நகரும் படகு போன்றவை. அவை மட்டமானவை என்று சொல்ல மாட்டேன். டிஸ்னியின் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு’ படகுப் பயணம் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்டது. இன்றைக்கும் அதற்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போகலாம். ஆனால் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கப்போவது இந்த நாலைந்துதான் என்றால், அதற்கு இத்தனை தூரமும் இத்தனை செலவும் வேண்டுமா என்று ஒரு முறை யோசிக்கலாம்.

சின்ன இடத்தில் ஒத்திகை பாருங்கள். இதற்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கோயில் திருவிழா ராட்டினம், சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி, மதுரைச் சித்திரைப் பொருட்காட்சி என்று எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே ஒரு மாலை கூட்டிக்கொண்டு போங்கள். ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறதா, கூட்டத்தைப் பார்த்துத் தோளில் முகம் புதைக்கிறதா, குதிரை ராட்டினத்தில் இறங்க மாட்டேன் என்கிறதா, ஏறவே மாட்டேன் என்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எந்த வயது அட்டவணையையும் விட இது துல்லியம். ஒத்திகை என்பதற்காகக் கொலம்பஸ் கப்பலிலோ பிரேக் டான்ஸிலோ ஏற்றிவிட வேண்டாம். நாலு நாளில் கழற்றப்போகிற ராட்டினத்தில் பெல்ட் இருக்கிறதா, அது பூட்டுகிறதா என்று நீங்களே இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை எதற்கு? இந்தச் சலுகையைப் பெரும்பாலோர் வீணடிக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் எந்தப் புதன்கிழமையும் உங்களுடையதுதான். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, தை பிற்பாதியும் மாசியும் தமிழ்நாட்டில் மிக நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், பள்ளிகளில் பரீட்சைக் காய்ச்சல் தொடங்கியிருக்கும். வேலை நாளில் வரிசை குறைவு. வரிசையில் நிற்பதுதான் இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாத ஒரே வித்தை.

“கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்” என்று வெளிநாட்டுப் பயண நூல்களில் எழுதியிருப்பார்கள். நம் ஊரில் அது செல்லாது. இங்கே பல பூங்காக்கள் திறப்பதே பத்து, பதினொரு மணிக்கு. கதவு திறக்கும்போது சூரியன் தலைக்கு மேலே வந்துகொண்டிருக்கும். அப்படியானால் நேரத்தை மாற்ற முடியாது, மாதத்தைத்தான் மாற்ற வேண்டும். மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் கத்திரி வெயிலில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் திறந்தவெளிப் பூங்காவுக்குத் தூக்கிப்போக நான் ஒரு காரணத்தையும் ஏற்க மாட்டேன்.

தூக்கக் கணக்கைப் போடுங்கள். நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14. மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13. பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. அந்தப் பகல் தூக்கம் சரியாகப் பூங்காவின் உச்ச நேரத்தில்தான் வரும். நிழலான, சத்தமில்லாத ஒரு மூலையை வந்தவுடனேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். தங்கும் விடுதி பூங்காவை ஒட்டியே இருந்தால் மதியம் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு நாலு மணிக்கு வருவதுதான் சிறந்த ஏற்பாடு. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

போன் போட்டுக் கேளுங்கள். டிக்கெட் வயதுக்கா, உயரத்துக்கா? பாலூட்டும் அறை எங்கே? டயப்பர் மாற்ற இடம் உண்டா? வெளிச்சாப்பாடு கூடாது என்ற விதியில் குழந்தை உணவுக்கு விலக்கு உண்டா? தள்ளுவண்டி வாடகைக்குக் கிடைக்குமா? முதலுதவி அறை உண்டா? 2015-லேயே தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்துவிட்டார்கள். கட்டணம் வாங்கும் பூங்காவில் அது இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். “எங்கயாவது ஓரமா உக்காந்துக்கலாம் மேடம்” என்று பதில் வந்தால், அந்த இடத்தில் கைக்குழந்தையோடு வருபவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

யார் எப்போது குழந்தையை வைத்திருப்பது என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள். டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவர் ரைடு போய்வரும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருக்கலாம். பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் இவர் ஏறலாம். வரிசை முகப்பில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் சொல்வார். நம் ஊரில் பலகை எதுவும் இருக்காது, ஆனால் கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எதுவும் இல்லாத இடத்தில் கடிகாரம் இருக்கிறது: ஒரு மணி நேரம் நீ, ஒரு மணி நேரம் நான். இதைப் பேசிக்கொள்ளாத வீடுகளில் அம்மா முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

வயது வாரியாக, என் தீர்ப்பு

பிறந்து மூன்று மாதம் வரை: வேண்டாம். கூட்டமே கூடாத வயது.

மூன்று முதல் ஒன்பது மாதம்: முடிந்தால் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை–ரூபெல்லா முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். அதற்கு முன் நெரிசலில் கொண்டுபோவதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை, விட்டுவிட்டு வர வழியே இல்லை என்றால், குளிர்சாதன அரங்குகள் அதிகம் உள்ள இடமாகப் பார்த்து, பாதி நாளுக்கு மேல் இருக்காமல் திரும்புங்கள்.

ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயது: ஆச்சரியமாக, இது அவ்வளவு கஷ்டமான வயது இல்லை. மடியில் இருக்கும், பலூனைப் பார்க்கும், பால் குடிக்கும், தூங்கும். வெயிலும் சத்தமும்தான் எதிரி.

இரண்டு, இரண்டரை வயது: இதுதான் எல்லாவற்றிலும் கடினம். எல்லாவற்றிலும் ஏற ஆசை, எதிலும் ஏற அனுமதி இல்லை. அண்ணன் போகிற இடத்துக்கெல்லாம் போக வேண்டும். நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. தூக்கினால் இறங்கும், இறக்கினால் ஓடும். இந்த வயதுக்கு வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிண்டி சிறுவர் பூங்காவும் எந்தத் தீம் பார்க்கையும் விட மேல். செவ்வாய்க்கிழமை இரண்டும் விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றரை முதல் ஐந்து: போகலாம். குழந்தைகளுக்கான பகுதி நன்றாக உள்ள பூங்காவாக இருந்தால், இரண்டு, மூன்று ரைடுகளையே திரும்பத் திரும்பப் போவார்கள். விடுங்கள்.

ஐந்து முதல் எட்டு: பொற்காலம். சென்னை விஜிபி பூங்காவில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் முயன்றிருக்கிறார்கள். ஒரு மனிதர் சிலைபோல் நடிக்கிறார் என்ற வேடிக்கை புரியவே ஒரு வயது வேண்டும். அந்த வயது இது.

செய்யக்கூடாதவை

இலவசம் என்பதற்காகப் போகாதீர்கள். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, பாரிஸ், ஹாங்காங் டிஸ்னிகளில் மூன்று வயதுக்குள் டிக்கெட் கிடையாது. சிங்கப்பூர் யுனிவர்சலில் நான்கு வயதுக்குள் கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட அப்பாக்கள் மூன்றாம் பிறந்தநாளுக்கு முந்தைய மாதமாகப் பார்த்து விமான டிக்கெட் தேடுவார்கள். கணக்கில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் டிக்கெட் வாங்காத பிள்ளைக்குப் பெரிய ரைடுகளும் கிடையாது, இரண்டு வயது முடிந்துவிட்டால் விமானத்தில் தனி இருக்கைக்குக் காசும் கொடுக்க வேண்டும். நாலரை வயதில் போனால் டிக்கெட்டுக்குக் காசு போகும், பிள்ளை 105 செ.மீ. இருக்கும், பாதிப் பூங்காவில் ஏறிவிடும். மிச்சம் பிடித்த டிக்கெட் காசு, பிறகு அதே பிள்ளை கேட்டு மறுபடி போகும்போது இரண்டு மடங்காகச் செலவாகும்.

“பிற்காலத்தில் நினைவிருக்கும்” என்று உங்களை ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். பெரியவர்களுக்கு எட்டக்கூடிய மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதுக்குரியது. அதற்கு முந்தையது பெரும்பாலும் போட்டோ பார்த்து நாமே கட்டிக்கொண்ட கதைதான். நினைவில் நிற்காது என்பதால் போகவே கூடாது என்று சொல்லவில்லை; ஊட்டிவிட்ட பருப்புச் சோறும்தான் நினைவில் இல்லை. அந்த நாள் அந்தக் குழந்தைக்கு நன்றாக இருக்குமா என்று மட்டும் பாருங்கள்.

மடியில் வைத்துக்கொண்டு வேகமான ரைடில் ஏறாதீர்கள். ஆபரேட்டர் “பரவாயில்ல சார், கெட்டியா புடிச்சுக்கோங்க” என்றாலும் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கைக்குழந்தையின் தலை உடம்பின் நீளத்தில் கால்பங்கு; கழுத்துத் தசையோ இன்னும் பலப்படாதது. வெட்டி இழுக்கும் வேகத்தில் அந்தத் தலை படும் பாட்டை உங்கள் கை தடுக்க முடியாது. இரண்டு பேர் அமரும் இருக்கையில் ஒரே கம்பி இறங்கிவந்து தொடையில் பொருந்தும் ரைடுகளில் இன்னோர் ஆபத்து உண்டு. கம்பி பெரியவர் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்துப் பிள்ளையின் தொடைக்கும் கம்பிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். பார்க்கப் பூட்டியதுபோல் இருக்கும், உண்மையில் பிள்ளையை ஒன்றும் பிடித்திருக்காது. உயரக் கட்டுப்பாடு வைத்திருப்பது இதற்காகத்தான். பிள்ளை பயப்படுமா, தைரியசாலியா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

எனவே தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டு இரண்டு சென்டிமீட்டர் ஏற்றுவது, அளக்கும்போது “எக்கி நில்லு” என்று காதில் சொல்வது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஊழியர் முடியாது என்றால் அவரோடு சண்டை போடவும் வேண்டாம். அன்றைக்கு உங்கள் பிள்ளை மேல் உங்களைவிட அவருக்குத்தான் அக்கறை.

பயப்படும் பிள்ளையைத் தள்ளாதீர்கள். ஆளுயர எலி, கரடி வேடக்காரர்களைக் கண்டால் இரண்டு, மூன்று வயதில் பலருக்கு நடுக்கம் வரும். “ஹாய் சொல்லு, ஷேக்ஹாண்ட் குடு” என்று தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தி எடுத்த அழுகைப் போட்டோக்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. தூரத்திலிருந்து கையசைக்க விடுங்கள், போதும். இருட்டுக் குகை, பேய் வீடு இவை ஆறு வயதுக்கு முன் தேவையில்லை. “ஆம்பளப் புள்ள பயப்படலாமா” என்று சொல்லும் மாமா கூட வந்திருந்தால் அவரை முதலில் ஏற்றிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வெயிலில் பார்த்ததும் பெரியவர்களுக்குக் கை பரபரக்கும். தாய்ப்பாலிலேயே தேவையான நீர் இருக்கிறது. அடிக்கடி பாலூட்டினால் போதும். அந்த வயதில் சன்ஸ்கிரீன் பூசுவதையும் தவிர்த்து, நிழலையும் முழுக்கை மெல்லிய பருத்திச் சட்டையையும் தொப்பியையும் நம்புங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தண்ணீர், இளநீர், மோர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். டயப்பர் ஆறு மணி நேரமாக நனையவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது என்றால் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த ஷோ முடியட்டும் என்று நிற்கக் கூடாது.

தள்ளுவண்டியைத் துணி போட்டு மூடாதீர்கள். நிழல் தருகிறோம் என்று துப்பட்டாவையோ டர்க்கி டவலையோ முழுக்கப் போர்த்திவிடுகிறார்கள். உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் நினைப்பது நிழல், குழந்தை இருப்பது சூளையில். குடை பிடியுங்கள், வண்டியை நிழலில் நிறுத்துங்கள். நிறுத்திவைத்த காரில் “ஏசி போட்டிருக்கு, தூங்கட்டும்” என்று விட்டுவிட்டு வருவதைப் பற்றி நான் எழுதவே தேவையிருக்கக் கூடாது. ஒரு நிமிடம்கூடக் கூடாது.

ரெயின் டான்ஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் குழந்தையின் காதுக்கு அதிகம். ஒலிபெருக்கிக்கு எதிரே தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு ஆடும் அப்பாக்களை எல்லாப் பூங்காவிலும் பார்க்கலாம். அவர்கள் காதைவிடக் குழந்தையின் காது ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருக்கும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காதீர்கள். டிக்கெட் காசு போனது போனதுதான். மூன்று ரைடு, ஒரு ஐஸ்கிரீம், ஒரு தூக்கம் என்றால் சின்னப் பிள்ளைக்கு அது நிறைந்த நாள்.

பாட்டியைப் பை காக்க வைக்காதீர்கள். முழு டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போய், ஏழு பேர் செருப்பையும் நாலு பையையும் தூங்கும் குழந்தையையும் அவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவது நம் குடும்பங்களில் ஊறிப்போன வழக்கம். லாக்கர் வாடகை அப்படியொன்றும் பெரிதில்லை. பாட்டிக்கும் அந்தச் சின்ன ரயிலில் போக ஆசை இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

தண்ணீருக்குத் தனி விதி

நம் ஊரில் தீம் பார்க் என்றாலே பாதி தண்ணீர்தான். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரோ சென்னையை அடுத்துள்ள குயின்ஸ்லேண்டோ, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லாவோ, பிள்ளைகள் கேட்பது முதலில் தண்ணீரைத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது காவல் ஆகாது. சினிமாவில் மூழ்குகிறவர்கள் கையைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள். நிஜத்தில் சின்னப் பிள்ளை சத்தமே இல்லாமல் மூழ்கும், முழங்கால் அளவுத் தண்ணீரிலும் மூழ்கும். பத்துப் பேர் சேர்ந்து போகும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார்கள். “இப்ப நான் பாக்கறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை வாங்குங்கள், “இனி நீ” என்று சொல்லிக் கொடுங்கள். அந்த நேரத்தில் போன் லாக்கரில் இருக்கட்டும். காற்றடைத்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான். உயிர் காக்கும் சாதனம் இல்லை. அலைக்குளத்தில் சைரன் ஊதியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்கப் பல பூங்காக்கள் விடுவதில்லை, நைலான் உடை கேட்பார்கள். குழந்தைக்கும் ஒன்று வீட்டிலிருந்தே எடுத்துப்போனால் அங்கே அளவு பொருந்தாததை வாங்க வேண்டியிருக்காது.

நீச்சல் டயப்பர் மலத்தைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்தில் இறக்காதீர்கள். குளோரின் போட்டிருக்கிறார்களே என்று கேட்கலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, குளோரின் சரியாகக் கலந்த நீரிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கும் அடுத்த பிள்ளைக்குப் போதும். டயப்பர் மாற்றுவதும் குளத்தங்கரையில் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்டதைக் குளத்தில் இறக்காமலே இருப்பது நல்லது. சின்ன வாளியில் தண்ணீர் ஊற்றி நிழலில் உட்காரவைத்தால் அதுவே அதற்குக் கடல்.

வெறுங்காலில் நடக்கவிடும் முன் தரையை உங்கள் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். மதிய வெயிலில் சிமெண்டுத் தரையும் சறுக்குமரத்துத் தகடும் பிஞ்சுக் காலைப் பொசுக்கிவிடும்.

தொலைந்துபோனால்

காலையில் வாசலிலேயே பிள்ளையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சட்டை போட்டிருந்தது என்பது பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. உங்கள் போன் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். தண்ணீரில் அழியாத மார்க்கராக இருந்தால் நல்லது. பெயரைப் பெரிதாக அச்சடித்த சட்டை வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை போய்விடும். நான்கு வயதுக்கு மேல் என்றால், “காணோம்னா நின்ன இடத்திலயே நில்லு, யூனிஃபார்ம் போட்ட அக்கா அண்ணன்கிட்ட சொல்லு” என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுங்கள். காணவில்லை என்றால் நாமே தேடிப் பார்ப்போம் என்று கால்மணி நேரம் ஓட்டாதீர்கள். பக்கத்து ஊழியரிடம் உடனே சொன்னால் வாசலுக்குத் தகவல் போகும். ஒருவர் நீர்நிலைப் பக்கம் முதலில் ஓட வேண்டும். வெளியே எங்கேனும் என்றால் 112, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

திரும்பும்போதும் அதற்குப் பிறகும்

ஈர உடையை மாற்றி, காதோரம் துடைத்து, வயிற்றுக்குக் கொடுத்த பிறகு வண்டியை எடுங்கள். பைக்கில் வந்திருந்தால், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும், ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால் தனி ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. ஈ.சி.ஆரில் இரவு எட்டு மணிக்கு அந்த விதி நினைவிருக்கட்டும். அம்மாவின் மடியில் குறுக்கே தூங்கும் பிள்ளையோடு பைக்கில் வருவதற்குப் பதில் ஒரு ஆட்டோவோ பேருந்தோ பிடிப்பது மேல்.

மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போவது, சொந்தக்காரர் வீட்டு விருந்து இவையெல்லாம் அதற்கு அடுத்த நாள். பிள்ளை சிணுங்கும், சாப்பிடாது, கண்ட நேரத்தில் தூங்கும்; அது அலுப்பு, ஓரிரு நாளில் சரியாகும். காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, நிற்காமல் வயிற்றாலே போகிறது, காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு எழும்புகிறது என்றால் மருத்துவரிடம் காட்டி, எங்கே போய் வந்தீர்கள், குளத்தில் இறக்கினீர்களா என்பதையும் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல், விடியட்டும் என்று காத்திராமல், அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.